நோயைத் தமிழில் எழுதுக!

செஞ்சிக்கோட்டைக்கு வடபால் அமைந்த மேல்மலையனூரில், திங்கள்தோறும் காருவா (அமாவாசை) இரவில் அங்காளம்மன் ஊஞ்சல் விழா நடைபெறும். ஊர் கொள்ளாத மக்கள் அன்று வந்து குவிவர். பெரும்பாலோர் நேர்த்திக்கடன் செலுத்த வருவோர். ஆயினும், கூட்டத்தினூடே சற்றே நின்று நோக்குவார்க்கு வேறொரு காட்சியும் தென்படும். தலைவிரித்து அரற்றும் மகளைக் கைத்தாங்கலாய் அழைத்துவரும் தாய். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகும் கணவனைத் தோளில் சாய்த்துவரும் மனைவி. அகவை ஐந்தாகியும் பேசாத பேரனை இடுப்பில் சுமந்துவரும் பாட்டி. இவர்கள் நோயொடு வந்தவர்கள். அம்மன்முன் நின்று இவர்கள் முறையிடுவதைக் கேட்டால், அதனினும் விளக்கமான நோய்வரலாறு எந்த மருத்துவமனை ஏட்டிலும் இராது. என்று தொடங்கியது, எவ்வேளையில் மிகுகிறது, எதை உண்டால் தணிகிறது, யார் யார் என்னென்ன மருந்து கொடுத்தனர், அதனால் எவ்வளவு கடன்பட்டனர் என்பதெல்லாம் தங்குதடையின்றி வரும். கேட்கின்ற தெய்வத்துக்குத் தமிழ் தெரியும் என்னும் உறுதி அவர்களுக்கு உண்டு.

அதே தாய் மறுநாள் மருத்துவமனை வரிசையில் நிற்கிறாள். அவள் வாயிலிருந்து நான்கு சொல் வருவதற்குள் சீட்டில் இரண்டு ஆங்கிலச் சொல் விழுந்துவிடுகிறது. சீட்டை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து மஞ்சட்பையில் வைத்துக்கொள்கிறாள். அதில் எழுதியிருப்பது அவள் மகளின் நோய். ஆனால் அது அவளுக்குத் தெரியாது. அவள் சொன்னது முழுவதும் எழுதுவாருக்குத் தெரியாது.

இத்தகைய சீட்டுகள் இன்று தாளிலே நின்றுவிடுவதில்லை. கணிப்பொறிக்குள் ஏறுகின்றன. இலக்கக்கணக்கான நோயரின் குருதியழுத்தமும், ஆய்வுக்கூட முடிவும், கொடுத்த மருந்தும், பிழைத்ததும் இறந்ததும் ஓரிடத்தில் குவிகின்றன. இக்குவியலைப் 'பெருந்தரவு' என்று வழங்குகின்றனர். ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் பார்த்தாலும் சில ஆயிரம் நோயரையே நினைவிற் கொள்ள முடியும். கணிப்பொறியோ பல இலக்கம் பேரை ஒரே வேளையில் ஒப்பிட்டு, இன்ன குறி உடையார்க்கு இன்ன ஏதம் நேரும் என்று முன்னரே சொல்லவல்லது. எந்த ஊரில் எந்தக் காய்ச்சல் தலைகாட்டுகிறது, எந்த மருந்து எவர்க்கு ஒவ்வவில்லை என்பனவெல்லாம் அதிலிருந்து தெரியவரும். இதனால் மருத்துவம் மேம்படுமா என்றால், மேம்படும், ஐயமில்லை. ஆனால், குவியலில் முதலில் விழும் சொல் எம்மொழிச்சொல், அது யார் வாய்ச்சொல் என்பதை இங்கே எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய இடமும் அதுவே.

இது வெறும் மொழிப்பற்றால் எழுந்த கூற்றன்று. இதற்குச் சான்று தொலைவில் இல்லை. மேல்மலையனூர் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ளது. அச்சான்றை மாவட்டத்து மக்களே அறியார் என்பது இரங்கத்தக்கது.

தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிக்கப்பட்ட விழுப்புரம் மாவட்டம் அந்நாளில் கள்ளக்குறிச்சிப் பகுதியையும் உள்ளடக்கி மிகப் பரந்து கிடந்தது. 2001 குடிமதிப்பின்படி அதன் மக்கள்தொகை 29 இலக்கத்துக்கும் மேல். இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் 1997, 1998 ஆண்டுகளில் நிகழ்ந்த சாவுகளின் கரணியத்தை அறிய, சென்னையைச் சேர்ந்த நோய்ப்பரவல் ஆய்வாளர் மருத்துவர் வேந்தன் கசலட்சுமியும், ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரிச்சர்டு பீட்டோவும் ஒரு பெரும்பணியை மேற்கொண்டனர். சென்னை நகரில் 1995 முதல் 1997 வரை நிகழ்ந்த 48,000 வளர்ந்தோர் சாவுகளும், விழுப்புரத்து 32,000 வளர்ந்தோர் சாவுகளுமாக 80,000 சாவுகள் அதில் ஆராயப்பட்டன.

எவ்வாறு ஆராய்ந்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. சிற்றூரில் இறப்பவர் பெரும்பாலும் வீட்டிலேயே இறக்கின்றனர். உடலை அறுத்துப் பார்ப்பதில்லை. மருத்துவர் சான்றும் இல்லை. ஊராட்சிப் பதிவில் ஏறும் கரணியம், சொல்லவந்த உறவினர் வாயில் அப்போது வந்த ஒரு சொல்லாகவே இருக்கும். இக்குறையை நீக்க, மருத்துவரல்லாத இளைஞர்க்குப் பயிற்சி தந்து வீடுவீடாக அனுப்பினர். அவர்கள் இறந்தவரின் மனைவியிடமோ கணவனிடமோ நெருங்கிய உறவினரிடமோ அமர்ந்து, கடைசிநாள்களில் நிகழ்ந்ததைக் கேட்டனர். இருமல் எத்தனை நாள்? சளியில் குருதி கண்டதா? நெஞ்சுவலி வந்தபோது வியர்த்ததா? வலி கைக்கு இறங்கியதா? கால் வீங்கியதா? வீட்டார் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்தனர். அவ்வெழுத்துகளை மருத்துவர்கள் படித்துச் சாவின் கரணியத்தை முடிவு செய்தனர். 'வாய்மொழிப் பிணவாய்வு' என்று இதனைத் தமிழில் சொல்லலாம். கத்தி இன்றிச் சொல்லால் செய்யும் ஆய்வு இது.

விளைவு என்ன? கரணியம் தெளிவுறாதவை என்று கிடந்த சாவுகள் சிற்றூர்ப்புறத்தில் நூற்றுக்கு 41இலிருந்து 26ஆகக் குறைந்தன. சென்னையில் 54இலிருந்து 23ஆகக் குறைந்தன. தெருவுக்குத் தெரு மருத்துவமனையுள்ள தலைநகரத்தில் தெளிவுறாச் சாவுகள் சிற்றூரினும் மிகுதியாய் இருந்தன என்பதைப் படிப்பவர் தவறவிடலாகாது. புற்றுநோயால் இறந்தவர்களை இம்முறை நூற்றுக்கு 95 என்னும் அளவுக்குச் சரியாகக் கண்டுகொண்டது.

இவ்வாய்வின் ஒரு பகுதி 2003இல் 'இலான்செட்டு' என்னும் மருத்துவ இதழில் வெளியாகி உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தது. பீடியும் வெண்சுருட்டும் புகைக்கும் ஆடவர் என்புருக்கி (காச) நோயால் இறப்பது, புகைக்காதவரைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. புகையால் நுரையீரற் புற்றுநோய் வரும் என்பதே மேலைநாட்டார் கண்டிருந்த உண்மை. இங்கோ புகை, என்புருக்கியின் வாயிலாக ஆளைக் கொல்கிறது. இந்தியாவில் என்புருக்கியால் சாகும் ஆடவரில் பாதிப்பேர் சாவுக்குப் புகையே பொறுப்பு. இவ்வுண்மையை உலகுக்குச் சொல்லியவர் யார்? இதழில் பெயர் அச்சான அறிஞர்கள் மட்டுமல்லர். மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, “அவரு ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிப்பாரு” என்று சொன்ன கைம்பெண்களுந்தாம்.

இதே மாவட்டத்தில் 39,000 சாவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட மற்றொரு பகுதி இன்னும் நெஞ்சை உலுக்குவது. தற்கொலையால் ஆண்டுக்கு நூறாயிரம் பேரில் 62 பேர் இறந்தனர் என அது கண்டது. அரசுக் காவற்றுறை ஏடுகள் அவ்வாண்டுகளில் இந்தியா முழுமைக்கும் காட்டிய எண் பத்தை ஒட்டியே நின்றது. இளம்பெண்கள் இளைஞரினும் மிகுதியாக இவ்வாறு மாண்டனர். வழக்குக்கு அஞ்சியும் பழிக்கு அஞ்சியும் 'வயிற்றுவலி' என்று பதிவேட்டில் மறைக்கப்படும் சாவு, அருகமர்ந்து பரிவோடு தாய்மொழியில் கேட்டவரிடம் மறைக்கப்படவில்லை. எண்ணத் தொடங்கினால்தான் தடுக்கவும் தொடங்கலாம். 2022இன் இறுதியில் தமிழ்நாட்டரசு நச்சுமிகுந்த ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனையை 60 நாளுக்குத் தடைசெய்தது. உண்மையெண் முன்னரே அரசின் மேசைமேல் இருந்திருப்பின், அத்தடை கால் நூற்றாண்டு முந்தியே வந்திருக்கலாம், நிலைத்தும் இருந்திருக்கலாம்.

வீட்டுக்கதவைத் தட்டிக் கேட்பது புதிய வழியன்று. 1854இல் இலண்டனில் வாந்திபேதி பரவியபோது சான் சுனோ என்னும் மருத்துவர் இறந்தவர் வீடுகளைத் தேடிச்சென்று, எந்த நீரைக் குடித்தார்கள் என்று கேட்டே, நோய் ஒரு தெருக்குழாயிலிருந்து வருவதைக் கண்டார். அவர் கேட்டது ஆங்கிலத்தில். விடை சொன்னவர்க்கும் அதுவே தாய்மொழி. ஆங்கிலேயர்க்கு இயல்பாய் வாய்த்த இந்த ஏந்து தமிழர்க்கு மட்டும் ஏன் மறுக்கப்படவேண்டும்?

விழுப்புரத்து முறையை ஒத்த முறையில் இந்தியப் பதிவுத் தலைமை அலுவலகம் பின்னர் நாடு முழுவதும் இலக்கக்கணக்கான சாவுகளை ஆராய்ந்தது. ஒவ்வொரு வீட்டாரின் கூற்றும் அவ்வவ்விடத்து மொழியிலேயே எழுதிக்கொள்ளப்பட்டது. அதிலிருந்து 2011இல் வெளியான ஒரு முடிவு: பாம்பு தீண்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 46,000 பேர் இறக்கின்றனர். மருத்துவமனைக் கணக்குகளில் ஏறியிருந்ததோ இதில் மிகச் சிறு பங்கே. தீண்டப்பட்டோர் வரப்பிலும் வழியிலும் மந்திரிப்பவர் வீட்டிலும் மாண்டனர். கணக்கெடுப்போர் மருத்துவமனைப் படியைத் தாண்டவில்லை. செஞ்சி வட்டாரத்து உழவரும் இருளரும் இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை என்பர். ஆனால், ஆய்வு சொன்னபிறகுதான் உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

இனி, தமிழ்நாட்டில் இன்று நடப்பவற்றைக் காண்போர்க்குப் பெருமைப்படவும் இடமுண்டு. 2021ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் நாள் கிருட்டினகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பெயரே நல்ல தமிழ். பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச்சென்று குருதியழுத்தமும் நீரிழிவும் பார்க்கின்றனர், மாத்திரையும் தருகின்றனர். 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னும் நுட்பமானது. என்புருக்கியால் இறப்போருள் பெரும்பாலோர் நோய் கண்ட முதல் இரண்டு திங்களுக்குள் இறந்துவிடுகின்றனர். ஆதலால், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சென்னைக் கொள்ளைநோயியல் நிறுவனத்தார் ஐந்து செய்திகளை மட்டும் முதல்நாளே பார்க்கச் செய்தனர்: உயரத்துக்கேற்ற எடை உண்டா? காலில் வீக்கம் உண்டா? மணித்துளிக்கு எத்தனை மூச்சு? குருதியில் உயிர்வளி எவ்வளவு? பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றில் தவறுவோரை உடனே படுக்கையில் சேர்த்துப் பண்டுவம் செய்கின்றனர். அரை இலக்கத்துக்கும் மேற்பட்ட நோயரின் பதிவுகளைக் கொண்டு, ஒரு நோயர் இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துரைக்கும் முறையையும் 2025இல் இதனோடு இணைத்துள்ளனர்.

பெருந்தரவு உயிர்காக்கும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டா. ஆனால், ஐந்தாவது கேள்வியை எண்ணிப் பார்க்க. “எழுந்து நிக்க முடியுதாம்மா?” என்பது எந்தக் கருவியும் கேட்கமுடியாத கேள்வி. மாந்தர் மாந்தரைக் கேட்பது. அந்த விடையின்றிக் கணிப்பும் இல்லை.

தரவு பெரிதாக இருப்பதே போதும் என்பாரும் உளர். சென்னையில் 1956இல் அமைந்த என்புருக்கி வேதிமருத்துவ நடுவம் அந்நோய்க்கு வீட்டிலிருந்தே மருந்துண்ணலாமா என்று ஆராய எடுத்துக்கொண்ட நோயர் 193 பேர். 1959இல் வெளியான அம்முடிவு, நோயரை ஊருக்கு ஒதுக்கிய நலமனையில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கும் வழக்கத்தை உலகெங்கும் மாற்றியது. ஒவ்வொருவரையும் விடாது கவனித்து, பிழையறப் பதிந்த 193 பதிவுகள் அவை.

பிழைபட்ட பெருங்குவியல் எத்தகைய கேடு செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு சான்றாகும். யாருக்குக் கூடுதல் மருத்துவக் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்துசொல்ல அங்கே ஒரு கணிப்பொறிமுறை பல இலக்கம் மக்களுக்குப் பயன்பட்டு வந்தது. நோயின் கடுமையை அது நேரே அளக்கவில்லை. இதுவரை ஆன மருத்துவச் செலவைக் கொண்டு அளந்தது. கறுப்பின மக்களுக்கு ஏழ்மையாலும் புறக்கணிப்பாலும் செலவு குறைவு. ஆகவே, அவர்கள் நோய் குறைவு என்று பொறி முடிவுகட்டியது. அப்பிழையை நீக்கிப் பார்த்தபோது, கூடுதல் கவனிப்புக்குரியோரில் கறுப்பினத்தார் பங்கு நூற்றுக்கு 17.7இலிருந்து 46.5ஆக உயர்ந்தது. பொறிக்கு நிறவெறி இல்லை. ஊட்டிய தரவில் இருந்தது.

இங்கும் அதுவே நேரும். மேல்மலையனூர் வட்டத்து எளியவள் ஒருத்தியின் நோய் எங்கெங்கே பதிவாகிறது? ஊரில் ஊர்ச்செவிலியர் ஏட்டில் கொஞ்சம், திருவண்ணாமலையில் கொஞ்சம், முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொஞ்சம், கடுநோய் என்றால் புதுச்சேரிச் சிப்மரில் கொஞ்சம். கட்டட வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்ற கணவன் அங்கே வாங்கிய மருந்து எதிலும் இல்லை. ஓருடம்பு நான்கு ஏட்டில் துண்டுபட்டுக் கிடக்கிறது. ஓர் ஏட்டிலும் இல்லாதவர் தொகை இன்னும் பெரிது. 2020இல் இந்தியாவில் பதிவான சாவுகளில் மருத்துவர் கரணியம் எழுதிச் சான்றளித்தவை நூற்றுக்கு 22.5 மட்டுமே. எஞ்சியோர் எதனால் செத்தனர் என்பதே தெரியாத நாட்டில், எதிர்காலத்தைக் கணிப்பொறி சொல்லும் என்று மார்தட்டுவது சற்று மிகை.

துண்டுகளை இணைப்பதற்கென்றே நடுவணரசு 2021 செட்டம்பரில் ஒரு திட்டம் தொடங்கி, ஒவ்வொருவர்க்கும் 14 இலக்கம் கொண்ட நலவாழ்வு எண் வழங்குகிறது. 'ஆயுசுமான் பாரத் டிசிட்டல் மிசன்' என்பது அதன் பெயர். பெயரிலேயே தமிழுக்கு இடமில்லை என்பது கிடக்கட்டும். எண்ணால் இணைக்கப்படும் அந்த ஏட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். நோய் தமிழர் உடம்பில். நோயின் வரலாறு அவருக்கு எட்டாத மொழியில்.

மொழி மாறும்போது நோயே மாறிவிடுகிறது. செஞ்சிப் பக்கத்தில் ஒருவர் “மாருல வாயு அடைக்குது” என்கிறார். எழுதுபவர் செரிமானக் கோளாறு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிடுகிறார். அது நெஞ்சாங்குலை அடைப்பின் முதற்குறியாக இருக்கலாம். “கெறக்கமா இருக்கு” என்பது ஒருத்தி வாயில் குருதிக்குறைவு; மற்றொருத்தி வாயில் சருக்கரை தாழ்ந்த நிலை; வேறொருத்தி வாயில் உள்ளச்சோர்வு. “ஆத்தா எறங்கியிருக்கா” என்றால் சின்னம்மையா, தட்டம்மையா என்று அடுத்த கேள்வி கேட்கத் தெரியவேண்டும். “காத்துக் கருப்பு அடிச்சிடுச்சு” என்பதைக் கேட்டுச் சிரிப்பவர், வலிப்பையோ பக்கவாதத்தையோ கைவிட்டவர் ஆகிறார். காருவா இரவில் அங்காளம்மன்முன் ஆடும் மகளை அவள் தாய் எந்தச் சொல்லால் சொல்கிறாளோ, அந்தச் சொல்லிலிருந்துதான் உளமருத்துவமும் தொடங்கவேண்டும். இச்சொற்களை எழுதாமல் விட்டால் அவை கணிப்பொறிக்குள் என்றுமே ஏறா. ஏறாதவற்றைக் கணிப்பொறி கற்கவும் செய்யாது.

இவ்விடத்தில் தனித்தமிழன்பர்க்கும் ஒன்று சொல்லவேண்டியுள்ளது. நோயர் “சுகர்”, “பிரசர்” என்று சொன்னால் அப்படியே எழுதப்படல் வேண்டும். நீரிழிவு என்றும் குருதியழுத்தம் என்றும் ஏட்டில் திருத்திவைத்துவிட்டு, அவர் சொன்னதை அழித்துவிடலாகாது. நற்றமிழ்ச்சொல்லை மக்களிடையே பரப்புவது பள்ளியின் பணி, இதழின் பணி. படுக்கையில் கிடப்பவரிடம் கேட்பது வேறு பணி. அங்கே சொல்லுக்கு உரியவர் நோயர். அவர் சொன்னது ஒரு வரியில். அதற்குரிய தமிழ்க் கலைச்சொல் அடுத்த வரியில். உலகப் பட்டியலின் குறியெண் மூன்றாம் வரியில். இதில் எவருக்கும் இழப்பில்லை.

உலகக் குறியீடு ஆங்கிலத்தில் இருப்பதால் ஏடும் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும் என்பர் சிலர். நோய்ப்பட்டியலின் குறி எழுத்தும் எண்ணுமே, எண்ணுக்கு மொழியில்லை. ஒரு குறிக்கு நேரே சீனர் சீனத்தில் எழுதிக்கொள்கின்றனர். உருசியர் உருசியத்தில் எழுதிக்கொள்கின்றனர். 2024 சனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் தன் பட்டியலோடு சித்த மருத்துவ நோய்களையும் சேர்த்துக்கொண்டதே. தமிழ் மருத்துவம் உள்ளே நுழையக்கூடுமானால் தமிழ் நுழையத் தடையென்ன? கணிப்பொறியும் இன்று தமிழைப் படிக்கிறது; தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதவும் செய்கிறது. வானொலித் தமிழை மட்டும் கேட்டுப் பழகிய பொறி, செஞ்சிப் பேச்சில் தடுக்கி விழும். அதற்கு மருந்து, செஞ்சிப் பேச்சை மிகுதியாக ஊட்டுவதே.

தமிழில் மருத்துவம் எழுதமுடியுமா என்னும் வினாவோ 160 ஆண்டுப் பழையது. விடையும் அவ்வளவு பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறைகளுக்குத் தமிழில் நூல் ஆக்கினார், கலைச்சொல் தொகுத்தார். நோயாளி சொல்வதை மருத்துவர் அவர் மொழியில் புரிந்துகொள்ளவேண்டும் என்பதை ஓர் அயல்நாட்டார் உணர்ந்தார். மருத்துவர்களில் ஒருசாரார் நேரமில்லை என்பதும் உண்மையே. காலையில் நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்கும் ஒருவரைப் பக்கம்பக்கமாக எழுதச் சொல்வது கொடுமை. விழுப்புரத்தில் அன்று எழுதியவர்களும் மருத்துவர் அல்லர் என்பதை நினைவிற் கொண்டால் வழி பிறக்கும். மருத்துவமனை வாயிலில், அவ்வூர்ப் பேச்சறிந்த, பயிற்சிபெற்ற எழுத்தர் ஒருவர் இருந்து கேட்டெழுதி அனுப்பினால், மருத்துவருக்கு நேரம் மிஞ்சவே செய்யும். படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் தமிழிளைஞர்க்கு வேலையும் கிடைக்கும்.

இன்னோர் அச்சமும் உண்டு. ஓரிடத்தில் குவித்த செய்தி ஒரே வீச்சில் களவு போகும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்சு மருத்துவமனையின் கணிப்பொறிகளை யாரோ முடக்கியபோது, இரண்டு கிழமையளவு நாட்டின் தலைமை மருத்துவமனை மீண்டும் தாளும் எழுதுகோலுமாய்த் திண்டாடியது. ஒருவருக்கு என்புருக்கி உண்டு, ஒருத்திக்கு உளநோய் உண்டு என்னும் செய்தி முதலாளியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ திருமணத் தரகரிடமோ சென்றால் வாழ்வே கெடும். 2023இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனியாள் தரவுக் காப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துள்ளன. ஒருவர் செய்தியைப் பெற இசைவு கேட்கும் அறிவிப்பை, ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ அவர் பெறலாம் என்கிறது அச்சட்டம். நன்று. 'உன் நோய்ச்செய்தியை எடுத்துக்கொள்ளலாமா?' என்று தமிழில் கேட்பர். எடுத்துக்கொண்டபின் எழுதும் செய்தி மட்டும் தமிழில் வரவேண்டும் என்பதற்குச் சட்டம் இல்லை. இசைவுக்குத் தமிழ், உடைமைக்கு ஆங்கிலம்! பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலும் 2023இல் ஒரு திருத்தம் வந்தது. மருத்துவமனையில் ஒருவர் இறந்தால், சாவின் கரணியம் எழுதிய சான்றின் படியொன்றை நெருங்கிய உறவினர்க்குத் தரல்வேண்டும். அந்தப் படியைக் கையில் வாங்கும் மகன், தன் தந்தை எதனால் இறந்தார் என்பதை அறிய யாரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வான்?

தமிழ்நாட்டரசு செய்யவேண்டியது செலவு மிகுந்ததன்று. அரசு மருத்துவமனையில் கணிப்பொறியில் ஏறும் ஒவ்வொரு பதிவிலும் நோயரின் சொந்தச் சொல்லுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படல் வேண்டும். சீட்டும் ஆய்வுமுடிவும் சாவுச்சான்றும் தமிழிலும் அச்சாகி அவர் கைக்கு வரல்வேண்டும். மாவட்டந்தோறும் வழங்கும் நோய்ச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன கேள்வி தொடுக்கவேண்டும் என்று ஊர்ச்செவிலியரும் மருத்துவரும் தமிழாசிரியரும் கூடியமர்ந்து எழுதல் வேண்டும். பெயர் நீக்கிய அப்பதிவுகள் வணிகர்க்கு விற்கப்படாமல், தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராய்வார்க்குக் கிடைத்தல் வேண்டும். வாய்மொழிப் பிணவாய்வை ஒரு தனியாய்வாக நிறுத்திவிடாமல், மருத்துவர் சான்றில்லாத ஒவ்வொரு சாவுக்கும் ஊராட்சிதோறும் நடத்தல் வேண்டும்.

இதற்கு முதல் களமாக மேல்மலையனூர் வட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். காருவா இரவில் காவற்றுறையும் போக்குவரத்துக் கழகமும் கூடுதல் ஆள்களை அங்கே அனுப்புகின்றன. அவற்றோடு பேருந்து நிலையத்தருகே ஒரு பந்தலும், நான்கு நாற்காலியும், குருதியழுத்தம் பார்க்கும் கருவியும், சளிமாதிரி வாங்கும் குப்பிகளும், கேட்டெழுதத் தெரிந்த இரண்டு பெண்களும், அரசு உளமருத்துவர் ஒருவரும் இருக்கட்டும். அம்மனிடம் சொல்லிவிட்டுத் திரும்பும் தாய் அதே சொற்களை இன்னொரு முறை அங்கே சொல்லட்டும். எழுதியதை அவளுக்குப் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்டு, ஒரு படியை அவள் மஞ்சட்பையில் வைத்தனுப்பட்டும்.